ரெஸ்ற் அண்ணையும் சோப்புப் பெட்டிக் கமராவும்

பரிசோதித்துப் பார்க்காமல் ரெஸ்ற் அண்ணை இந்த உலகத்தில் ஏற்றுக்கொண்ட ஒரே பொருள் அவருடைய மூக்குத்தான். அதுவும், அவரைக் கேட்காமல் பிறக்கும்போதே பொருத்தி அனுப்பிவிட்டார்கள் என்பதால். மற்றபடி, கதிரை என்றால் ஆட்டிப் பார்த்துத்தான் உட்காருவார். செருப்பு வாங்கப் போனால், நடந்து பார்க்கக் கடைக்குள் கொஞ்சம் கல்லுக் கொட்ட முடியுமா என்று கேட்பார். பஸ்ஸில் ஏறினால் நேரே சாரதியிடம் போய், "தம்பி, பிறேக் பிடிக்குதோ?" என்று விசாரிப்பார். ஒருநாள் ஒரு சாரதி, "இறங்கி நிண்டு பாருங்கோ அண்ணை, பிடிச்சுக் காட்டிறன்" என்றான். இவர் நம்பி இறங்கினார். பஸ் கோப்பாய் வரைக்கும் பிறேக் பிடிக்காமலே போய்விட்டது.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கவேண்டும். எங்கள் ஊரான உரும்பிராயில் அது யாருக்கும் நினைவில்லை. 'ரெஸ்ற்' என்று எங்கள் பக்கத்து எழுத்தில் எழுதினால் அது 'டெஸ்ட்' என்ற பரிசோதனையா, 'ரெஸ்ட்' என்ற ஓய்வா என்று வெளியூர்க்காரருக்குச் சந்தேகம் வரும். அவரோடு ஒருநாள் வேலை செய்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஓய்வு என்ற சொல்லே அவரிடம் கிடையாது. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அவர் அதை விட்டுவைப்பதில்லை.

கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, பிறந்தநாள், செத்தவீடு என்று எல்லாவற்றையும் வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ எங்களுடையது. ரெஸ்ற் அண்ணைதான் தலைமைக் கமராமான். நான் எடிற்றிங் செய்பவள். அதாவது, மண்டபத்தில் எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவிப் போன பிறகு, அவர்கள் சாப்பிட்டதைத் திரையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது என் தொழில்.

போன வருடம் முதலாளி கொழும்புக்குப் போய் ஒரு புதுக் கமரா வாங்கி வந்தார். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் கமரா. ஒரு கைக்குள் அடங்கும் கறுப்புக் கட்டி. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் இல்லை. தோளில் வைக்க வளைவு இல்லை. லென்ஸைக் கழற்றிவிட்டால் சோப்புப் பெட்டி என்று சொல்லிக் குளியலறையில் வைத்துவிடலாம்.

முதலாளி அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். "உதுதான் அண்ணை சினிமாக் கமரா. படம் எடுக்கிற ஆக்கள் பாவிக்கிறது."

ரெஸ்ற் அண்ணை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பஞ்சைக் கிளறினார். பிறகு கேட்டார்: "மிச்சம் எங்கை?"

"என்ன மிச்சம்?"

"கமராவின்ரை மிச்சம்."

முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. "உது இவ்வளவுதான் அண்ணை. ஆவணியிலை கரவெட்டிக் கலியாணம் ஒண்டு கிடக்கு. பெரிய இடம். உதாலைதான் எடுக்கிறம்."

"ரெஸ்ற் பண்ணாமல் நான் தொடமாட்டன்" என்றார் அண்ணை. அந்த வசனத்தை அவர் சொல்லும்போது குரல் ஒரு மாதிரிக் கனக்கும். சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் பேசுவது போல இருக்கும். அன்றே தொடங்கினார்.

முதலில் நிறம். ஒரு தோட்டத்துக்குள் போய்ச் செம்மண்ணில் கமராவை நட்டு, மிளகாய்ப்பழம், பீற்றூட், கத்தரிக்காய் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, கடைசியில் என்னையும் நிற்கவைத்தார். "மனுசத் தோல் ஒண்டு வேணும் பிள்ளை. நீர் பீற்றூட்டுக்குப் பக்கத்திலை நில்லும்." தோட்டக்காரர் பம்பை நிறுத்திவிட்டு வந்து, நாங்கள் மரக்கறி விற்கிற விளம்பரம் எடுக்கிறோமா, பெண் பார்க்கிற விளம்பரம் எடுக்கிறோமா என்று கேட்டார்.

ஸ்டூடியோவுக்கு வந்து போட்டுப் பார்த்தால் எல்லாம் சாம்பல். மண் சாம்பல், மிளகாய் சாம்பல், நான் நேற்றைய சாம்பல். முதலாளி கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, பழுதுக் கமராவைத் தலையிலை கட்டிப்போட்டாங்களோ?"

"பதறாதையும். உந்தக் கமரா அப்பிடித்தான் எடுக்கும். உது இன்னும் அவியாத சோறு. பிள்ளைதான் அவிக்கவேணும்."

"அப்ப நான் கொழும்பிலை போய் வாங்கினது அரிசியோ?"

நான் கொம்பியூட்டரில் நிறம் கூட்டி அவிக்கத் தொடங்கினேன். மெல்ல மெல்ல மண் சிவந்தது. மிளகாய் மினுங்கியது. என் முகமும் வந்தது. அதுவரை எந்தக் கண்ணாடியும் எனக்குச் சொல்லாத செய்திகளையெல்லாம் அந்தக் கமரா சொல்லிவிட்டது. மூக்கின்மேல் ஒரு பரு, தனிக் கதாபாத்திரம் போல நடித்துக்கொண்டிருந்தது. அண்ணை திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்து, "நல்லாய் வந்திருக்கு பிள்ளை. பரு வடிவாய் ஃபோகஸிலை நிக்குது" என்றார். அவருடைய அகராதியில் அது பாராட்டு.

அடுத்தது வெக்கை. கலியாண மண்டபங்களில் விளக்கு, ஓமப்புகை, சனம் எல்லாம் சேர்ந்து கமராவைப் பதம் பார்க்கும் என்பதால், நடு மத்தியானத்தில் ஸ்டூடியோவின் தகரக் கூரையில் ஏணி வைத்து ஏறினார். கமராவை ஓடவிட்டுவிட்டு, அது எப்போது சூடேறி நிற்கிறது என்று பார்க்கப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டோம். வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டோம். "கமராவுக்குத் தண்ணி குடுத்தனாங்களோ? எனக்கும் வேண்டாம். ரெஸ்ற் எண்டால் ரெண்டு பேருக்கும் ஒண்டாய் இருக்கவேணும்" என்றார்.

அந்தப் பதிவு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. முதலில் நெடுநேரம் வானமும் ஒரு பனையின் தலையும். பிறகு சட்டகத்தின் ஓரத்தில் ரெஸ்ற் அண்ணையின் தோள் மெதுவாகச் சரிகிறது. தகரத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம். ஏணியில் ஆட்கள் ஏறும் சத்தம். பிறகு முதலாளியின் குரல்: "கமராவைப் பிடி! கமராவைப் பிடி!" கொஞ்ச நேரம் கழித்து, நினைவு வந்தவர் போல: "அண்ணையையும் பிடி!"

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தார். "நிண்டிட்டுதோ?" என்றார்.

"நீங்கள்தான் நிண்டனீங்கள்" என்றேன் நான். "அது இன்னும் ஓடுது."

"அப்ப பாஸ்" என்றுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது பரிசோதனைக்கு மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போனோம். அந்தக் கமரா மனித முகத்தைத் தானே தேடிப் பிடித்துத் தெளிவாக்கும். ஆட்கள் ஓடியாடும்போதும் அது விடாமல் பிடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். படகுகள் வந்து, வலையிலிருந்து மீன் தட்டும் நேரம். ஒரு படகின் முன்பக்கத்தில் மாதாவின் படம் நீலமும் வெள்ளையுமாக வரைந்திருந்தது. ரெஸ்ற் அண்ணை அந்தப் படகின் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் கேட்டுக்கொண்டு எடுக்கத் தொடங்கினார். கமரா முகம் தேடியது. வெயிலுக்குத் தலையில் துவாய் கட்டி, குனிந்து வலையோடு மல்லுக்கட்டும் மனிதர்களில் அதற்கு ஒரு முகமும் அகப்படவில்லை. நேரே போய் மாதாவில் நின்றது.

அண்ணை இந்தப் பக்கம் திருப்பினார். அது மாதாவைப் பிடித்தது. அந்தப் பக்கம் நகர்ந்தார். மறுபடியும் மாதா.

சம்மாட்டியார் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, பொடியள் மீன் தட்டுறதை எடுக்கப் போறன் எண்டிட்டு மாதாவை எடுக்கிறாய்?"

"நான் இல்லை ஐயா. அது தானாய்ப் போகுது."

"தானாயோ?"

"ஓம். நான் இழுக்க இழுக்க அங்கைதான் போகுது."

சம்மாட்டியார் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த தன் மனைவியைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்தார். பிறகு தன் தங்கையைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் மாதாவைத் தானாகத் தேடிப் போகும் கமராவைப் பார்க்கக் கரையில் ஒரு வரிசையே நின்றது. முகத்தைக் கண்டுபிடிப்பது இயந்திரத்தின் ஒரு வசதி மட்டுந்தான் என்று ரெஸ்ற் அண்ணை ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளங்கப்படுத்தினார். எல்லாரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கமராவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். திரும்பும்போது ஒரு பை நிறையப் பாரைமீன் கிடைத்தது. "கமராவுக்குக் குடுத்தது" என்று சொல்லி, அதில் ஒரு மீனைக்கூட எனக்குத் தர அண்ணைக்கு மனம் வரவில்லை. பிறகு சமைத்துக் கொண்டுவந்து தந்தார். அதையும் முதலில் ஸ்டூடியோப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான்.

இப்படியாகக் கமரா எல்லாவற்றிலும் தேறியது. ரெஸ்ற் அண்ணைக்கும் அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. சோப்புப் பெட்டி என்று யாரும் சொன்னால் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார். அவர் பரிசோதிக்க மறந்த ஒன்று இருந்தது. அது கமரா அல்ல, சனம்.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் கரவெட்டியில் மணப்பெண் வீட்டுக்குப் போனோம். பெண்ணின் தாய்மாமன் சுவிசிலிருந்து வந்திருந்தார். கலியாணச் செலவில் பாதி அவருடையது. பேச்சு முழுவதும் அவருடையது. மேசையில் வைத்த கமராவைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"உது என்ன, சவரம் செய்யிற மெசினோ?"

முதலாளி சினிமா, படம் எடுக்கிற ஆக்கள் என்று தொடங்கினார். மாமா கையை உயர்த்தினார். "எனக்குக் கதை சொல்லாதேங்கோ. எங்கடை பக்கத்திலை கமராக்காரன் வந்தால் தோளிலை யானைக்குட்டி மாதிரி ஒண்டை வைச்சிருப்பான். சனம் பாத்தவுடனை விலகி வழி விடும். உதைக் கொண்டு வந்தால் மாப்பிள்ளை பகுதி என்ன நினைக்கும்? ஃபோனிலை எடுக்கிறம் எண்டெல்லோ நினைக்கும்? பெரிய கமரா இல்லாட்டி நாளைக்கு வரவேண்டாம்."

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. நாங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கியபோது மணப்பெண் கையில் காயாத மருதாணியோடு பின்னால் வந்தாள். விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் ரெஸ்ற் அண்ணையிடம் பேசினாள்.

"அண்ணை, எந்தக் கமரா எண்டாலும் பரவாயில்லை. அக்கா பிரான்சிலை. இன்னும் வதிவிடக் காட் கிடைக்கேல்லை, வர ஏலாது. அம்மா செத்த பிறகு அவதான் என்னை வளத்தவ. 'தாலி கட்டேக்கை உன்ரை முகத்தை நான் பாக்கவேணும்' எண்டு சொல்லிச் சொல்லி அழுகிறா. மற்றது ஒண்டும் வராட்டிலும் காரியமில்லை. அதை மட்டும் விட்டிடாதேங்கோ."

எந்தக் கேள்விக்கும் "ரெஸ்ற் பண்ணிப் பாப்பம்" என்று சொல்கிற மனிதர், அன்றைக்கு "சரி பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

ஸ்டூடியோவின் கண்ணாடி அலுமாரியில், முதலாளி தொழில் தொடங்கிய காலத்துத் தோள்கமரா ஒன்று காட்சிக்கு இருந்தது. கதவுத் தடுப்பாக வைக்கலாம் என்கிற அளவு பெரிசு. ரெஸ்ற் அண்ணை அதை இறக்கி, குடலை எல்லாம் உருவினார். முட்டை ஓடு போல மிஞ்சிய வெறும் கோதுக்குள் சோப்புப் பெட்டியை இறக்கி, லென்ஸ் மட்டும் முன்னால் எட்டிப் பார்க்கும்படி கறுப்பு நாடாவால் சுற்றிச் சுற்றி ஒட்டினார். தோளில் தூக்கியபோது பார்க்கப் பயமாகவே இருந்தது. முதலாளி கைதட்டினார். ரெஸ்ற் அண்ணை கைதட்டவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாமானைப் பரிசோதிக்காமல் வேலைக்குக் கொண்டுபோகப் போகிறார். அதற்கு நேரம் இல்லை.

மறுநாள் மண்டபத்துக்குள் யானை நுழைந்ததும் சனம் விலகி வழி விட்டது. சுவிஸ் மாமா மாப்பிள்ளை பகுதியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். "பாத்தீங்களோ, ராத்திரியோடை ராத்திரியாய் எடுப்பிச்சிட்டன்" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். நான் பின்வரிசைக்குப் பக்கத்தில், முக்காலியில் வைத்த இரண்டாவது கமராவோடு நின்றேன். ரெஸ்ற் அண்ணை மணவறைக்கு முன்னால் நின்றார். மாப்பிள்ளை வந்தார், பெண் வந்தாள், ஓமம் வளர்ந்தது. எல்லாம் நன்றாகவே போனது.

பெண் கூறைச் சேலை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது, ரெஸ்ற் அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. கமரா மூச்சுவிட உள்ளே ஒரு சின்ன விசிறி உண்டு. தகரக் கூரையில் காற்று இருந்தது, விசிறி வேலை செய்தது. இங்கே அதைக் கோதுக்குள் அடைத்து, நாடா சுற்றி, ஓமத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறோம். அவருடைய கமராவின் திரையில் சூடு ஏறிவிட்டது என்கிற சிவப்பு அடையாளம் மின்னத் தொடங்கியிருந்தது.

தாலிக்கொடி தட்டில் வந்தது. ஆசீர்வாதத்துக்குச் சனத்திடம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அதே நேரம் முன்வரிசை முழுவதும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. என் கமராவில் முதுகுகளும் கொண்டைப் பூக்களும் மட்டுந்தான்.

ரெஸ்ற் அண்ணை முழங்காலிட்டார். யானையை நிலத்தில் வைத்தார். நாடாவின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தார்.

'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஐயர் நிறுத்திவிட்டு, யாருடைய வேட்டி என்று பார்த்தார். மாப்பிள்ளை சட்டென்று குனிந்து தன் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் 'பர்ர்ர்'. மண்டபம் முழுவதும் திரும்பியது. கோது இரண்டாகப் பிளந்தது. அதற்குள்ளிருந்து அந்தக் கறுப்புக் கட்டியை வெளியே எடுத்து, வாயைக் குவித்து அதன் பக்கவாட்டில் ஊதினார். வெந்த மரவள்ளிக்கிழங்குக்கு ஊதுவோமே, அப்படி. பிறகு அதைத் தோளில் கிடந்த சால்வைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு, யானையோடு ஒருக்காலும் போயிருக்க முடியாத இடத்துக்கு, பெண்ணின் தோழிக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடைவெளிக்குள், பாம்பு போல நுழைந்தார்.

கெட்டிமேளம் கொட்டியது. முதுகுகளுக்குப் பின்னால் நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

முடிந்ததும் சுவிஸ் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முதலாளி ஏற்கெனவே ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டார். மாமா கீழே கிடந்த கோதைப் பார்த்தார். அண்ணையின் கையிலிருந்த கமராவைப் பார்த்தார்.

"உள்ளுக்கை இன்னொண்டோ?"

"ஓம்" என்றார் ரெஸ்ற் அண்ணை.

"முக்கியமான கட்டத்துக்கு எண்டு தனியாய்க் கழண்டு வருமோ?"

ரெஸ்ற் அண்ணை யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் கேட்ட கேள்வி நடந்ததோடு பொருந்தித்தான் இருந்தது. "ஓம். தாலிக்குத்தான் கழண்டது."

மாமா மாப்பிள்ளை பகுதியைத் திரும்பிப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சுவிசிலை உது இன்னும் வரேல்லை!"

இப்போது கரவெட்டி இருக்கும் வடமராட்சியிலிருந்து கலியாண வீடியோவுக்குப் பேச வருபவர்கள், "குஞ்சு பொரிக்கிற கமரா உங்களிட்டைத்தானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். முதலாளி 'ஓம்' என்று சொல்லிவிடுகிறார். கோதில் காற்றுப் போக ஓட்டைகள் போட்டு, ஒரு கொளுக்கியும் பூட்டி, ரெஸ்ற் அண்ணை அதைத் தகரக் கூரையில் வைத்துப் பரிசோதித்தும் முடித்துவிட்டார். இந்தத் தடவை தண்ணீர் குடித்துக்கொண்டு.

அந்தத் தாலிகட்டை எடிற் பண்ண உட்கார்ந்தபோது நான் ஒன்றையும் வெட்டவில்லை. படம் முதலில் கொஞ்சம் ஆடுகிறது. பிறகு பெண்ணின் முகம், கைக்கெட்டும் தூரத்தில். மாப்பிள்ளையின் கை கழுத்துக்குப் பின்னால் போகிறது. அட்சதை விழுகிறது. எல்லாப் பெண்களும் அந்த நேரத்தில் கீழே பார்ப்பார்கள். இவள் நிமிர்ந்து நேரே கமராவுக்குள் பார்த்தாள். உதடு அசைகிறது. மேளச் சத்தத்தில் குரல் இல்லை. 'அக்கா' என்பதைப் படிக்கக் குரல் தேவையும் இல்லை.

வீடியோ போய்ச் சேர்ந்த பிறகு பிரான்சிலிருந்து ஸ்டூடியோ ஃபோனுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. நான் போட்டேன். நெடுநேரம் அழுகை. நடுவில் "நன்றி அண்ணை" என்று ஒரு சொல். அது முடியும்வரை ரெஸ்ற் அண்ணை நின்றுகொண்டே கேட்டார்.

"முகம் தெளிவாய்த் தெரிஞ்சுதாமோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"நிறம்?"

"நிறமும் சரியாம்" என்றேன். அக்கா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணை லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லென்ஸ் மேசையிலேயே இருந்தது.

போன கிழமை மாரிமழை தொடங்கியது. மத்தியானமே இருட்டிக்கொண்டு கொட்டியது. ஒழுங்கை எல்லாம் வெள்ளம், தவளைகள் கத்தின. ஜன்னலால் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் ரெஸ்ற் அண்ணை நின்றுகொண்டிருந்தார். மழைச் சத்தம் புது மைக்கில் எப்படி விழுகிறது என்று பார்க்கிறாராம். அவருடைய குடை கமராவுக்கு மேலே விரிந்திருந்தது. அவர் தலையிலிருந்து மூக்குவழியாக மழை ஒழுகிக்கொண்டிருந்தது.

"அண்ணை, காய்ச்சல் வரப்போகுது, உள்ளுக்கை வாங்கோ!"

"ஸ்ஸ்! உம்மடை குரல் விழுது பிள்ளை."

கமராவுக்குக் குடை இருந்தது. நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல், அவரிடம் போனேன்.